சர்வரில் மூன்றாவது ஆளுக்கு ஏன் இடமில்லை?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மதுரை கீழமாசி வீதியில் மொத்த மளிகைக் கடை. மாடியில் விண்டோஸ் சர்வர் 2019, அதில் டேலி பிரைம். கடையில் இரண்டு கணக்குப்பிள்ளைகள், கப்பலூர் குடோனில் ஒருவர், வீட்டிலிருந்து முதலாளி, ஜிஎஸ்டி நேரத்தில் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து ஒருவர் என ஐந்து பேர் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக, அதாவது தங்கள் கணினியிலிருந்தே சர்வரின் திரையைத் திறந்து, அதற்குள் வருகிறார்கள். மூன்றாவது ஆள் வந்தால் "யாரையாவது வெளியேற்று" என்று சர்வர் கேட்கிறது. சில நாள் குடோன்காரர் உள்ளே வந்ததும் கடையில் வேலை பார்ப்பவரின் திரை தானாக மூடிக்கொள்கிறது. இன்னும் சில நாள், காலையில் கடை திறந்து முதல் ஆள் வரும்போதே இடமில்லை என்கிறது. சிஸ்டம் பார்ப்பவர் ஒரு ஃபைலை மாற்றினால் எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம் என்கிறார். மாற்றலாமா?

நீங்கள் கேட்டது லிமிட்டைக் கூட்டும் வழி. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் கலந்து கிடக்கின்றன. மூன்றாவது ஆளுக்கு இடமில்லாமல் போவது ஒன்று. ஒருவர் வந்தால் இன்னொருவர் விழுவது வேறு. ஆளே இல்லாதபோது நிறைந்திருப்பது இன்னொன்று. முதலாவதற்கு லைசென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டும். மற்ற இரண்டும் காசு செலவில்லாமல் சரியாகும். எது எது என்று பிரிக்காமல் லைசென்ஸ் வாங்கினால், வாங்கிய பிறகும் பாதிப் பிரச்சினை அப்படியே இருக்கும். கட்டளைகளையும் மெனுப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், கணினியில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் செய்ய வேண்டியது, யாருக்கு எப்போது பிழைச்செய்தி வந்தாலும் அதை ஃபோனில் படம் எடுத்து வைக்கச் சொல்வது. "உள்ளே போக மாட்டேங்குது" என்று சொன்னால் ஒன்றும் தெரியாது, செய்தியின் வாசகத்தில்தான் விடை இருக்கிறது. யாரை டிஸ்கனெக்ட் செய்யலாம் என்று ஒரு பெயர்ப்பட்டியல் வந்தால் அது இரண்டு பேர் என்ற எல்லை. "அனதர் யூசர் கனெக்டட்" என்று தொடங்கி உங்கள் இணைப்பு போய்விட்டது என்று முடிந்தால், அதே பெயரில் வேறொருவர் நுழைந்திருக்கிறார். "லைசென்ஸ் சர்வர்ஸ்" என்ற சொல் வந்தால் லைசென்ஸ் கோளாறு. பாஸ்வேர்டு சரியாக இருந்தும் அக்கவுண்ட் லாக் ஆகிவிட்டது என்று வந்தால் அது செஷன் (சர்வருக்குள் ஒருவர் திறக்கும் வேலைத்திரை) எல்லையே இல்லை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டு பேர் என்ற எல்லையில் சந்தேகத்துக்கு இடமில்லை. விண்டோஸ் சர்வரை வாங்கி நிறுவி, ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட் என்ற ரோலை (பலர் ஒரே நேரத்தில் நுழைய சர்வரில் கூடுதலாக நிறுவும் பகுதி) சேர்க்காமல் விட்டால், ஒரே நேரத்தில் இரண்டு ரிமோட் செஷன்கள்தான் கிடைக்கும். அதுவும் சர்வரைப் பராமரிப்பவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் இலவசமாக விட்டுவைத்த இரண்டு இடங்கள். அன்றாடம் பில் போடவும் கணக்கு எழுதவும் அவற்றைப் பயன்படுத்துவது லைசென்ஸ் விதிப்படி சரியில்லை, பலரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்றாலும். குரூப் பாலிசியில் (விண்டோஸின் நடத்தையை நிர்ணயிக்கும் அமைப்புகளின் பட்டியல், ஜிபிஎடிட் டாட் எம்எஸ்சி என்று அடித்தால் திறக்கும்) "லிமிட் நம்பர் ஆஃப் கனெக்‌ஷன்ஸ்" என்று ஓர் அமைப்பு உண்டு. அதில் 50 என்று போட்டுவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவதில் பலருக்கு ஒரு நாள் போய்விடும். ரோல் இல்லாத சர்வரில் அந்த எண்ணை எவ்வளவு ஏற்றினாலும் மூன்றாவது ஆள் வர மாட்டார். ஆனால் முன்பு யாராவது அங்கே சின்ன எண்ணைப் போட்டு வைத்திருந்தால், ரோல் சேர்த்த பிறகும் அது தடுக்கும். அதனால் அதை ஒருமுறை திறந்து பார்த்து "நாட் கன்ஃபிகர்டு" என்று இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது, குடோன்காரர் வந்தால் கடைக்காரர் விழுவது. நீங்கள் சொல்லாவிட்டாலும், இருவரும் ஒரே யூசர் பெயரில் நுழைகிறார்கள் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். விண்டோஸ் சர்வரில் ஒரு பெயருக்கு ஒரு செஷன் என்பதுதான் இயல்பான அமைப்பு. அதே பெயரில் வேறு இடத்திலிருந்து நுழைந்தால் சர்வர் புதிய செஷன் திறக்காது, ஓடிக்கொண்டிருக்கும் செஷனை அப்படியே தூக்கிப் புதியவர் கையில் கொடுத்துவிடும். கடைக்காரர் பாதி அடித்திருந்த வவுச்சர் கப்பலூரில் திறந்திருக்கும். குடோன்காரர் அதைத் தன்னுடையது என்று நினைத்து எஸ்கேப் அடித்தால் உழைப்பு போயிற்று, கன்ட்ரோல் ஏ அடித்தால் தப்பான எண்ட்ரி ஏறிற்று. சரக்கு வரத்து கணக்கில் இடிக்கும்போது இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

உறுதி செய்ய வேண்டுமானால் ஈவென்ட் வியூவரை (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு) திறங்கள். அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், அதற்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டெர்மினல் சர்வீசஸ் லோக்கல் செஷன் மேனேஜர், ஆபரேஷனல் என்று போனால் ஒவ்வொரு வரவும் போக்கும் பதிவாகியிருக்கும். 21 என்ற எண் புதிதாக நுழைந்தது, 23 சைன் அவுட் ஆனது, 24 இணைப்பு துண்டானது, 25 பழைய செஷனுக்கு மறுபடி இணைந்தது. 40 என்ற பதிவில் துண்டானதற்கான காரண எண் இருக்கும், அது 5 என்றால் வேறொரு இணைப்பு வந்து இதை இடம்பெயர்த்தது என்று பொருள். கடைக்காரர் விழுந்த நிமிடத்தில் 40-உம் காரணம் 5-உம், அதையொட்டி அதே பெயரில் வேறு ஐபி முகவரியுடன் 25-உம் இருந்தால் மேற்கொண்டு ஆராய ஒன்றுமில்லை. மருந்து எளிது: ஆளுக்கொரு யூசர் பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. ஒரு பெயருக்கு ஒரு செஷன் என்ற கட்டுப்பாட்டைப் பாலிசியில் எடுத்துவிடவும் முடியும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே பெயரில் நான்கு செஷன் ஓடினால் எது யாருடையது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. இணைப்பு அறுந்து திரும்ப வருபவருக்குத் தன் பழைய செஷன்தான் கிடைக்கும் என்ற உறுதியும் போய்விடும். டேலிக்குள்ளும் இதே போல ஆளுக்கொரு யூசர் வைத்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் உட்கார்ந்து பார்க்க வேண்டிய விஷயம். ஆளில்லாதபோது சர்வர் நிறைந்திருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு, உங்களுடையது எது என்பதைச் சர்வரைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். காலையில் அந்தச் செய்தி வந்ததும், யாரையும் வெளியேற்றும் முன், மாடிக்குப் போய் சர்வரின் சொந்த மானிட்டரில் நுழைந்து, கமாண்ட் ப்ராம்ப்ட்டில் "குவெரி யூசர்" என்று அடியுங்கள். ஆளுக்கு ஒரு வரி வரும். யூசர் பெயர், செஷன் பெயர், ஐடி எண், நிலை, சும்மா இருந்த நேரம், நுழைந்த நேரம் என்ற வரிசை. நுழைந்த நேரம் முந்தின நாள் மாலை 6.10, நிலை ஆக்டிவ், ஐடில் என்ற இடத்தில் 14:35 என்று ஒரு வரி இருந்தால், அந்த செஷனில் 14 மணி 35 நிமிடமாக யாரும் ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை, ஆனால் சர்வர் கணக்கில் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். ஐடில் இடத்தில் 1+02:10 என்று இருந்தால் ஒரு நாளும் இரண்டு மணி பத்து நிமிடமும். வெறும் புள்ளியோ "நன்" என்றோ இருந்தால் ஆள் இப்போது வேலையில் இருக்கிறார்.

நிலை என்ற இடத்தில் "டிஸ்க்" என்றும் சில வரிகள் இருக்கும். அது டிஸ்கனெக்ட் ஆன செஷன். மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி ஜன்னலை மூடினால் நடப்பது இதுதான். செஷன் சாகாது. உள்ளே திறந்த டேலி, எக்செல், பிரவுசர் எல்லாம் சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும், பார்ப்பதற்கு ஆள் மட்டும் இருக்காது. இங்கே ஒரு பரவலான தவறான கருத்தைச் சொல்லியாக வேண்டும். டிஸ்கனெக்ட் ஆன செஷன்கள்தான் இடத்தை அடைத்துக்கொள்கின்றன என்று பலர் சொல்வார்கள். சர்வர் 2003 காலத்தில் அது சரி. இப்போதைய சர்வர்களில் இரண்டு என்ற எண்ணிக்கைக்கு வருவது ஆக்டிவாக இருப்பவைதான். டிஸ்க் நிலையில் இருப்பவை நினைவகத்தைத் தின்னும், சர்வரை மெதுவாக்கும், ஆனால் மூன்றாவது ஆளைத் தடுப்பது அவையல்ல. அதனால் பட்டியலில் ஆக்டிவ் என்றும் ஐடில் நேரம் பெரிதாகவும் இருக்கும் வரியைத்தான் தேட வேண்டும்.

ஆள் போன பிறகும் ஒரு செஷன் ஆக்டிவாக நிற்பது பெரும்பாலும் இரண்டு வழிகளில். ஒன்று, குடோன் கணினியில் ரிமோட் ஜன்னலைச் சுருக்கி வைத்துவிட்டு, கணினியையும் அணைக்காமல் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவது. இரண்டு, இணைப்பு சொல்லாமல் கொள்ளாமல் அறுவது. கப்பலூரில் கரண்ட் போய் மோடம் அணைந்தால், "நான் போகிறேன்" என்ற செய்தி சர்வருக்கு வந்து சேராது. எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று சர்வர் தானாகக் கேட்காதவரை அந்த செஷன் ஆக்டிவாகவே நிற்கலாம். முதல் வகையில் ஐடில் நேரம் அவர் வேலை முடித்த நேரத்திலிருந்து ஓடும். இரண்டாம் வகையில் கரண்ட் போன நேரத்திலிருந்து ஓடும். ஐடில் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று குடோனில் கேட்டால் எந்த வகை என்று தெரிந்துவிடும். சர்வரின் சொந்த மானிட்டரில் யாராவது நுழைந்து அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். அந்த வரியில் செஷன் பெயர் "கன்சோல்" என்று இருக்கும். பேக்கப் எடுக்க வந்தவர் அப்படி விட்டுவிட்டுப் போவது சகஜம்.

கண்டுபிடித்த பிறகு "லாக்ஆஃப்" என்று அடித்து, இடம் விட்டு, அந்த ஐடி எண்ணை அடித்தால் செஷன் முழுதாக முடிந்துவிடும். ஐடி எண்ணை இரண்டு தடவை பார்த்துவிட்டு அடியுங்கள், பக்கத்து வரியில் இருப்பவர் வேலையில் இருக்கலாம். அந்த செஷனில் சேமிக்காத வவுச்சர் இருந்தால் அதுவும் போய்விடும், எனவே உரியவருக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. கட்டளை அடிக்கத் தயங்குபவர்கள் டாஸ்க் மேனேஜரில் யூசர்ஸ் என்ற பக்கத்திலேயே பெயரின் மேல் வலது சொடுக்கி சைன் ஆஃப் கொடுக்கலாம். யார் எவ்வளவு நினைவகம் எடுத்திருக்கிறார் என்பதும் அதே பக்கத்தில் தெரியும்.

தினமும் இப்படிக் கையால் துரத்த முடியாது. ஜிபிஎடிட் டாட் எம்எஸ்சி திறந்து, கம்ப்யூட்டர் கன்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்போனென்ட்ஸ், ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட், செஷன் டைம் லிமிட்ஸ் என்ற இடத்துக்குப் போங்கள். ஆக்டிவாக இருந்தும் சும்மா இருக்கும் செஷனுக்கு 1 மணி நேரம், டிஸ்கனெக்ட் ஆன செஷனுக்கு 3 மணி நேரம் என்று வைக்கலாம். கடையில் சாப்பாட்டு நேரம், சரக்கு இறக்கும் நேரம் எல்லாம் ஒரு மணிக்குள் அடங்கும் என்று வைத்துச் சொல்கிறேன், உங்கள் பழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். இதன்படி ஒரு மணி நேரம் சும்மா இருந்தவர் முதலில் டிஸ்கனெக்ட் மட்டும் ஆவார். அதற்கு இரண்டு நிமிடம் முன்பே அவர் திரையில் எச்சரிக்கை வரும். மூன்று மணிக்குள் திரும்பி வந்தால் விட்ட இடத்திலேயே வேலை இருக்கும். அதே பக்கத்தில் "எண்ட் செஷன் வென் டைம் லிமிட்ஸ் ஆர் ரீச்ட்" என்று ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். அதை இயக்கினால் ஒரு மணி நேரம் ஆனதுமே டிஸ்கனெக்ட் ஆவதற்குப் பதிலாக செஷன் நேரடியாக முடிக்கப்பட்டுவிடும், பாதி வவுச்சரோடு. யூசர் கன்ஃபிகரேஷனிலும் இதே அமைப்புகள் உண்டு. இரண்டு இடத்திலும் போட்டிருந்தால் கம்ப்யூட்டர் பக்கம் போட்டதுதான் செல்லும்.

கரண்ட் போய் அறுகிற இணைப்புக்குத் தனி மருந்து. அதே செஷன் ஹோஸ்டின் கீழ் கனெக்‌ஷன்ஸ் என்ற பகுதியில் "கன்ஃபிகர் கீப் அலைவ் கனெக்‌ஷன் இன்டர்வல்" என்பதை இயக்கி 1 நிமிடம் என்று வையுங்கள். சர்வர் நிமிடத்துக்கு ஒருமுறை எதிர்முனையைக் கேட்கும், பதில் இல்லையென்று உறுதியானால் செஷனை டிஸ்க் நிலைக்குத் தள்ளும், இடம் காலியாகும். இந்த மாற்றங்களைச் செய்த பின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் "ஜிபிஅப்டேட்" என்று அடித்து, இடம் விட்டு, சாய்வுக்கோடு போட்டு "ஃபோர்ஸ்" சேர்த்து அடிக்கலாம். ஆனால் ஏற்கெனவே திறந்திருக்கும் செஷன்களில் சந்தேகம் வேண்டாமென்றால் இரவு கடை சாத்திய பிறகு சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை முடிந்ததும் ஜன்னலை மூடாமல் ஸ்டார்ட் மெனுவில் போய் சைன் அவுட் கொடுக்கும் பழக்கம் வேண்டும். குடோன் கணினியின் மானிட்டர் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டினாலே பாதி வேலை முடிந்தது.

இனி லைசென்ஸ். ஐந்து பேர் முறையாக ஒரே நேரத்தில் வர வேண்டுமானால் செஷன் ஹோஸ்ட் ரோலும், ஆளுக்கோ சாதனத்துக்கோ ஒன்றாக ஆர்டிஎஸ் சிஏஎல் (ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைவதற்கான அனுமதி) என்ற லைசென்ஸும் வேண்டும். இது சர்வரைப் பயன்படுத்த வேண்டிய சாதாரண சிஏஎல்லுக்கு மேல் தனியாக வாங்க வேண்டியது. இரண்டும் ஒன்றென்று நினைத்து ஏமாறுபவர்கள் அதிகம், பில்லில் ஆர்டிஎஸ் என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன. முதல் பொறி, ரோலை நிறுவியதும் லைசென்ஸ் இல்லாமலே எல்லாம் நன்றாக ஓடும். 120 நாள் அவகாசம் அது. பொங்கலன்று நிறுவினால் மே 15 வரை ஒரு குறையும் தெரியாது. அதன் பிறகு லைசென்ஸ் சர்வர் இல்லை என்ற செய்தியோடு எல்லோரும் ஒரே நாளில் வெளியே நிற்பார்கள். அப்படி மாட்டிக்கொண்டால் அட்மினிஸ்ட்ரேட்டர் மட்டும் "எம்எஸ்டிஎஸ்சி" என்று அடித்து, இடம் விட்டு, சாய்வுக்கோடு போட்டு "அட்மின்" சேர்த்து உள்ளே போகலாம். பராமரிப்புக்கான அந்த வழிக்கு லைசென்ஸ் தேவையில்லை. ரெஜிஸ்ட்ரியில் அவகாசக் கணக்கை அழித்து மறுபடி 120 நாள் வாங்கிக் கொடுப்பதாகச் சொல்பவர்களும் உண்டு. அது லைசென்ஸ் மீறல், வியாபாரத்தை அதன் மேல் நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது பொறி, பெர் யூசரா பெர் டிவைஸா என்பது. உங்கள் சர்வர் டொமைனில் (எல்லாக் கணினிகளின் யூசர்களையும் ஓரிடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) இல்லாமல் வெறும் வொர்க்குரூப்பில் (ஒவ்வொரு கணினியும் தனித்தனி) இருந்தால், சின்னக் கடைகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், பெர் டிவைஸ்தான் வாங்க வேண்டும். பெர் யூசர் வாங்கிப் போட்டால் சர்வர் 2019-இல் நுழைந்தவுடன் லைசென்ஸில் சிக்கல் என்று ஓர் எச்சரிக்கை வரும், 60 நிமிடத்தில் செஷன் துண்டாகும். மணிக்கொரு தடவை எல்லோரும் விழுகிறார்கள் என்றால் நெட்வொர்க்கைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள். பெர் டிவைஸ் என்றால் எண்ண வேண்டியது சாதனங்களை. முதலாளி லேப்டாப்பிலும் ஃபோனிலும் பார்க்கிறார் என்றால் அது இரண்டு. ஆடிட்டர் அலுவலகம் வெளியார்தானே என்று விட முடியாது, அவர்கள் கணினிக்கும் ஒன்று வேண்டும். புதுச் சாதனம் முதலில் வரும்போது 90 நாள் தற்காலிக லைசென்ஸ் பெறும், அடுத்த முறை முறையாக நுழையும்போது நிரந்தரமானது பதிவாகும். அதுவும் 52 முதல் 89 நாளுக்குள் காலாவதியாகித் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அதனால் பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போட்டால் அதன் லைசென்ஸ் உடனே திரும்பாது, சில வாரம் பொறுக்க வேண்டும்.

மூன்றாவது பொறி பதிப்பு. சர்வர் 2019-க்கு 2016 சிஏஎல் செல்லாது. புதிதாக 2022 சிஏஎல் வாங்கினாலோ, லைசென்ஸ் ரோலும் அதே 2019 சர்வரில் இருப்பதால் அதில் நேரடியாக ஏறாது. எனவே லைசென்ஸ் விற்பவரிடம் "2019 சர்வரில், வொர்க்குரூப்பில், பெர் டிவைஸ்" என்று மூன்றையும் எழுதிக் கொடுத்து, ஏறும் என்று எழுத்தில் வாங்கிய பிறகு காசு கொடுங்கள்.

நிறுவும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சர்வர் மேனேஜரில் ஆட் ரோல்ஸ் போய் "ரோல் பேஸ்டு" என்ற வழியைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே "ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் இன்ஸ்டலேஷன்" என்றும் ஒன்று இருக்கும், அது டொமைன் கேட்கும், உங்களுக்கு வேண்டாம். செஷன் ஹோஸ்ட், லைசென்சிங் ஆகிய இரண்டை மட்டும் டிக் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆர்டி லைசென்சிங் மேனேஜரில் சர்வரை ஆக்டிவேட் செய்து சிஏஎல் எண்ணை ஏற்றுங்கள். பிறகு குரூப் பாலிசியில் லைசென்சிங் பகுதியில், எந்த லைசென்ஸ் சர்வர் என்ற இடத்தில் இதே சர்வரின் பெயரையும், லைசென்ஸ் முறை என்ற இடத்தில் பெர் டிவைஸையும் போடுங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு, காசு கொடுத்து லைசென்ஸ் ஏற்றியும் 120 நாளில் நின்றுபோவது அடிக்கடி நடப்பது. ஆர்டி லைசென்சிங் டயக்னோசர் என்ற கருவியைத் திறந்தால் குறை இருக்கிறதா என்று அதுவே சொல்லும். அதில் ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் இருந்தால்தான் வேலை முடிந்தது.

லைசென்ஸ் எண்ணிக்கையைக் குறைக்கவும் வழி இருக்கிறது, வாங்கும் முன் இதை யோசியுங்கள். கடையிலேயே இருக்கும் இரண்டு கணக்குப்பிள்ளைகளும் சர்வருடன் கேபிளில் இணைந்திருந்தால் அவர்களுக்கு ரிமோட் டெஸ்க்டாப்பே தேவையில்லை. டேலி கோல்டு லைசென்ஸ் இருந்தால் தங்கள் கணினியில் டேலியைத் திறந்து சர்வரில் இருக்கும் டேட்டா ஃபோல்டரைக் காட்டிவிடலாம். ஆடிட்டருக்கு மாதம் இரண்டு நாள்தான் தேவை, ஜிஎஸ்டிஆர் 1-க்கான 11-ஆம் தேதியையும் 3பி-க்கான 20-ஆம் தேதியையும் ஒட்டி. அவருக்கு டேலி பேக்கப்பையோ ஜிஎஸ்டி ஜேசன் ஃபைலையோ அனுப்பினால் போதுமா என்று கேளுங்கள். அப்படியானால் மிஞ்சுவது குடோனும் முதலாளியும். ஐந்தாறு லைசென்ஸுக்குப் பதில் மூன்றில் முடியும்.

டேலியின் எல்லையையும் விண்டோஸின் எல்லையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். டெஸ்க்டாப் வந்துவிட்டது, டேலிதான் திறக்க மறுக்கிறது என்றால் விண்டோஸ் லைசென்ஸ் வாங்கிப் பயனில்லை. சில்வர் ஒருவருக்கு, கோல்டு பலருக்கு. 1, 2 போன்ற ஒருசில தேதிகள் தவிர வேறு தேதியில் வவுச்சர் போட முடியவில்லை என்று யாராவது சொன்னால், அவருடைய டேலி எஜுகேஷனல் மோடில் (லைசென்ஸ் இல்லாத பயிற்சி நிலை) இருக்கிறது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி, அந்த ஃபைல். டெர்ம்எஸ்ஆர்வி டாட் டிஎல்எல் என்ற விண்டோஸ் ஃபைலைத்தான் அவர் சொல்கிறார். அதை மாற்றினால் மூன்றாவது ஆள் வருவார் என்பது உண்மைதான். ஆனாலும் மாற்றாதீர்கள். விண்டோஸ் அப்டேட் அந்த ஃபைலைப் புதுப்பிக்கும் மாதம் மாற்றம் போய்விடும், பதிப்பு பொருந்தாவிட்டால் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீஸே எழாமல் போகலாம். அதற்குப் பயந்து அப்டேட்டை நிறுத்தி வைப்பார்கள். அப்டேட் நின்ற சர்வர் என்றால் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாத சர்வர். மாற்றிய ஃபைல் எங்கிருந்து வருகிறது, அதில் வேறு என்ன இருக்கிறது என்பது அதைக் கொண்டுவருபவருக்கே தெரியாது. லைசென்ஸ் மீறல் என்பது தனிக் கணக்கு. சித்திரைத் திருவிழா, தீபாவளி வியாபாரத்தின் நடுவில் கடைக் கணக்கு முழுதும் நிற்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

அக்கவுண்ட் லாக் பற்றிச் சொல்கிறேன் என்றேன். மோடமில் ரிமோட் டெஸ்க்டாப் நுழையும் வாசலான 3389 என்ற போர்ட்டை நேரடியாக இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தால், உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ பாஸ்வேர்டை ஊகித்துக் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி பகுதியில் 4625 என்ற எண்ணை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். நடுராத்திரியில், அட்மின், டெஸ்ட் போன்ற பெயர்களில், வரிசையாகத் தோல்வியடைந்த முயற்சிகள் இருந்தால் அதுதான். கணினி முழுதையும் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் நுழையும் முக்கியமான வாசல்களில் இதுவும் ஒன்று. போர்ட் எண்ணை மாற்றுவது சத்தத்தைக் குறைக்குமே தவிரக் காப்பாற்றாது. மோடமில் அந்தத் திறப்பை மூடிவிட்டு, குடோனும் முதலாளியும் விபிஎன் (இணையத்துக்குள்ளேயே பூட்டிய தனிப்பாதை) வழியாக வரும்படி செய்யுங்கள். மற்ற எதை ஒத்திப்போட்டாலும் இதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

செய்யும் வரிசை: போர்ட்டை மூடுவது, ஆளுக்கொரு யூசர், நேர வரம்புகளும் கீப் அலைவும். இவற்றை வைத்து இரண்டு வாரம் ஓட்டி, "குவெரி யூசர்" பட்டியலை தினமும் காலை ஒருமுறையும் மாலை ஒருமுறையும் குறித்து வையுங்கள். உண்மையில் யார் யார் ரிமோட்டில் வர வேண்டியிருக்கிறது என்று அதில் தெரியும், அவர்கள் பயன்படுத்தும் சாதனங்களை எண்ணி லைசென்ஸ் வாங்கினால் போதும். ரோல் நிறுவியதும், அடுத்த மாதம் 10-ஆம் தேதி மாலை எல்லோரையும் ஒரே நேரத்தில் நுழையச் சொல்லி டேலியைத் திறக்கவைத்து, டாஸ்க் மேனேஜரில் நினைவகம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். 80 சதவீதத்துக்கு மேல் நின்றால் லைசென்ஸோடு சேர்த்து ரேமும் கூட்ட வேண்டியிருக்கும்.